தை மாதத்தில் வாங்கிய ஏ.சி.

கொல்கத்தாவின் தைக் குளிரில் ஏ.சி. வாங்கியவர்கள் டாக்குரியாவில் அந்த வருஷம் நாங்கள் மட்டும்தான் இருந்திருப்போம். சைக்கிள் வேனில் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள் எங்கள் சந்துக்குள் வந்தபோது, குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன பௌதி, பங்குனி வரைக்கும்கூடப் பொறுக்க முடியலையா?" என்று ஒருவர் கேட்டார். பௌதி என்றால் அண்ணி. மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதை நாங்கள் குளிர்ச்சிக்காக வாங்கவில்லை, சூட்டுக்காக வாங்கினோம் என்று சொல்லியிருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பார்கள்.

மார்கழித் தொடக்கத்தில் எனக்கு மகள் பிறந்திருந்தாள். குறித்த நாளுக்கு ஒன்பது வாரம் முன்னால். எடை ஒரு கிலோ முந்நூறு கிராம். அலிப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். அவளுடைய தொடை என் கட்டைவிரல் பருமன்கூட இல்லை. கன்னத்தில் பூனை முடி. தோலுக்கு அடியில் நீல நரம்புகள் அத்தனையும் தெரிந்தன. முதல் நாள் பார்த்துவிட்டு வந்து நான் அழவில்லை. இவ்வளவு சின்னதாக ஒரு முழு மனுஷி இருக்க முடியுமா என்ற திகைப்பில் அழுகை வரவில்லை.

என் கணவர் துறைமுகத்தில் பொறியாளர். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் கிரேன்கள் அவருடைய பொறுப்பு. இருபது டன், முப்பது டன் என்று சாதாரணமாகப் பேசுகிறவர், கண்ணாடிப் பெட்டியின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வாரம் கழித்து, குழந்தையை வெறும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளலாம், அது மருந்து மாதிரி என்று டாக்டரம்மா சொன்னார். நான் தினமும் அப்படி வைத்துக்கொண்டேன். அவரையும் கூப்பிட்டார்கள். எப்படிச் செய்வது என்று நர்ஸ் காட்டியதை எல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவளே வச்சுக்கிடட்டும்" என்று என்னைக் காட்டிச் சொல்லி வராந்தாவுக்குப் போய்விட்டார். ஐந்து வாரத்தில் அவர் மகளை ஒருமுறைகூடத் தொடவில்லை.

தை பிறந்ததும் அவள் ஒன்றே முக்கால் கிலோவுக்கு வந்தாள். இனி வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: அறை எந்நேரமும் இருபத்தெட்டு டிகிரியில் இருக்க வேண்டும்.

நாங்கள் இருந்தது டாக்குரியா ஏரிப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். வெயில் எட்டிப் பார்க்காத வடக்குப் பார்த்த அறை, காலை வைத்தால் குளிர் சுரீரென்று ஏறும் மொசைக் தரை. கணவர் ஒரு தெர்மாமீட்டரை வாங்கி வந்து அறையில் வைத்தார். விடிகாலையில் பதினேழு காட்டியது. இரும்புக் கம்பி சிவந்து எரிகிற ஹீட்டர் வைக்கலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டோம். காற்றை உலர்த்திவிடும், துணி பட்டால் தீப்பிடிக்கும், வேண்டாம் என்றார். கரி அடுப்பு? "அதை நினைக்கவே நினைக்காதீர்கள்." தொட்டிலுக்கு மேலே இருநூறு வாட் பல்பு? அதற்கும் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் கரியாஹாட்டில் இறங்கி, ஏ.சி. விற்கிற ஒரு கடைக்குள் நுழைந்தோம். சூடான காற்றும் தரும் ஏ.சி. இருப்பதாகத் துறைமுகத்தில் யாரோ சொன்னார்களாம். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கிறது. கல்கத்தாவில் யார் வாங்குவார்கள்? சிலிகுரியில் ஒருத்தர் கேட்டாரென்று வரவழைத்தேன், அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷமாகக் குடோனில் கிடக்கிறது" என்றார். வெளியே ஒரு பெட்டி, உள்ளே சுவரில் ஒரு பெட்டி, நடுவில் செம்புக் குழாய். வெயில் காலத்தில் அறையின் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டும். குளிர்காலத்தில் வெளியே இருக்கிற சூட்டை உள்ளே கொண்டுவரும்.

"வெளியிலதான் சூடே இல்லையே" என்றார் என் கணவர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. குளிர்ந்த காற்றிலும் வெப்பம் இருக்கிறது, உழைப்பைச் செலவழித்தால் அதைக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குத் தள்ளலாம் என்று ஒன்பது வருஷமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுச் சொல்லிக்கொடுத்தவள். அன்று அந்தக் கடையில் நின்றபோது, என் பிள்ளையை நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு நான் அதை நம்பவில்லை என்று தெரிந்தது.

கடைக்காரர் செலவுப் பட்டியலை எழுதினார். இயந்திரம் நாற்பத்திரண்டாயிரம். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தோம். அவர் எழுதிக்கொண்டே போனார். மின்சாரம் ஏறி இறங்குவதைச் சரிப்படுத்த ஸ்டெபிலைசர். பத்தடிக்கு மேல் போனால் ஒவ்வோர் அடிக்கும் செம்புக் குழாய்க்குத் தனி விலை. வெளிப் பெட்டியைத் தாங்க இரும்புச் சட்டம். மீட்டரிலிருந்து புது வயர். வீட்டின் மின் அளவை உயர்த்த மின்சார ஆபீசில் கட்டும் தொகை. சுவரைத் துளைக்கும் கூலி. ஐம்பத்தைந்தாயிரத்தைத் தொட்டது. பழைய கார் ஒன்று வாங்கலாமென்று நாங்கள் மூன்று வருஷமாகச் சேர்த்தது ஏறக்குறைய அவ்வளவுதான். கணவர் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கார் இல்லாம யாருக்கும் என்ன குறைஞ்சு போச்சு?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டுக்காரர்தான் பாக்கி. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மேல்மாடியில் தனியாக இருந்தார். வயதில் பெரியவர்களை அங்கே அழைக்கிற வழக்கப்படி நாங்கள் அவரை மேஷோமோஷாய் என்போம். சித்தப்பா முறை. வீடு அவருடைய அப்பா கட்டியது. சுவரில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். ஆறு வருஷமாக எங்கள் வீட்டுக் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. அந்தச் சுவரில் மூன்று அங்குல ஓட்டை போட வேண்டும் என்று போய் நின்றோம்.

நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "பௌமா, அவள் இப்போது எவ்வளவு எடை?" என்றார். மருமகளே என்பதைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்.

"ஒரு கிலோ எழுநூற்றைம்பது, மேஷோமோஷாய்."

இரண்டு கைகளையும் கிண்ணம்போல் குவித்து, அந்த எடையைத் தாங்கிப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். சட்டென்று எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டாரோ என்று நாங்கள் படியில் இறங்க ஆரம்பித்தோம். அவர் மின்சார ரசீதுகள் இருந்த ஃபைலோடு திரும்பி வந்தார். "மீட்டர் என் பேரில் இருக்கிறது. நீங்கள் போனால் அலையவிடுவார்கள். நான் போகிறேன்" என்றார். குல்லாயை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் தொடர்ந்து மின்சார ஆபீஸ் வரிசையில் நின்றார். மூன்றாம் நாள் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, "பில்லை மட்டும் நீங்களே கட்டிவிடுங்கள்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை இயந்திரம் பொருத்துவது, வெள்ளிக்கிழமை குழந்தையைக் கொண்டுவருவது என்று முடிவாகியிருந்தது. வியாழன் காலையில் டாக்டரம்மா ஃபோன் செய்தார். முந்தைய நாள் ராத்திரி இன்னும் சிறிய குழந்தை ஒன்று வந்திருக்கிறது, பெட்டி வேண்டும், இன்றே கூட்டிப் போக முடியுமா என்றார். ஐந்து வாரத்துக்கு முன்னால் எங்கள் பிள்ளைக்காகவும் யாரோ இடம் விட்டிருப்பார்கள் அல்லவா? சரி என்றேன். அதைச் சொல்லும்போதே தும்மினேன். எனக்குச் சளி பிடித்திருந்தது. மறுமுனையில் அவர் கேட்டுவிட்டார். "நீங்கள் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். இன்றைக்கு நெஞ்சில் போட்டுக்கொள்ள வேண்டாம். அவர் செய்யட்டும்" என்றார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்சியில் வந்து இறங்கினோம். அன்று முழுக்கச் சூரியனே தெரியவில்லை. ஏரியிலிருந்து வந்த பனிமூட்டம் சந்துக்குள்ளேயே தங்கிவிட்டது. வீட்டில் மின்சாரம் இல்லை. புது வயர் இழுப்பதற்காக மெயினை அணைத்திருந்தார்கள். அண்ணன் தம்பியாக இரண்டு மிஸ்திரிகள், அறைச் சுவரின் முன்னால் உளியும் சுத்தியலுமாக நின்றார்கள். துளைக்கும் மெஷின் வரவில்லை, கையாலேயே உடைத்துவிடுகிறோம் என்றார்கள். எங்கும் சுண்ணாம்புத் தூசி.

மேஷோமோஷாய் படியில் நின்று கூப்பிட்டார். "மேலே கொண்டுவாருங்கள். என் அறை தயாராக இருக்கிறது."

ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்குகளில் பழைய துணியைச் செருகி, தன் கட்டிலில் பஞ்சு அடைத்த கனத்த போர்வையான ரஜாயை விரித்துவைத்திருந்தார். நான் குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தேன். முப்பத்தாறு புள்ளி ஒன்று. முப்பத்தாறுக்குக் கீழே போனால் உடனே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"சட்டையைக் கழத்துங்க" என்றேன் கணவரிடம்.

"எனக்குப் பழக்கமில்லட்டி. நான் எங்கயாவது அழுத்திப் பிடிச்சிட்டா?"

"வேற யாரு இருக்கா இங்க? எனக்குச் சளி. கழத்துங்க."

ஸ்வெட்டர், சட்டை, பனியன் எல்லாவற்றையும் கழற்றினார். அந்தக் குளிரில் அவருடைய மார்பு மயிர் சிலிர்த்து நின்றது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். குழந்தையின் துணிகளை அவிழ்த்து, குல்லாயும் டயப்பரும் மட்டும் விட்டு, அவர் நெஞ்சின்மேல் தவளைபோல் குப்புற வைத்தேன். "பைய... பைய..." என்றார். என்னுடைய பழைய பருத்திப் புடவையால் இருவரையும் சேர்த்துக் கட்டினேன். மேலே ரஜாய். வெளியே தெரிந்தது அவர் முகமும், தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம்போல் ஒரு சின்னக் குல்லாயும்தான்.

அரைமணி நேரம் அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு மிக மெதுவாகச் சொன்னார், "பிள்ள மூச்சு விடுது. என் தோல்ல தெரியுது."

ஒரு மணிக்கு முப்பத்தாறு புள்ளி ஐந்து. இரண்டு மணிக்கு முப்பத்தாறு புள்ளி எட்டு. ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டரை மேஷோமோஷாய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உரக்கப் படித்தார். அறையில் பதினெட்டு டிகிரி. எங்கள் எல்லோருக்கும் பல் கிட்டியது. அந்த ரஜாய்க்குள்ளே மட்டும் வேறொரு தட்பவெப்பம் இருந்தது. எந்தக் கம்பியும் இல்லாமல், எந்தப் புகையும் இல்லாமல், சாப்பிட்ட சோற்றையும் மூச்சையும் மட்டும் வைத்து ஒரு மனித உடம்பு இன்னோர் உடம்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அவருடைய நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்ததைப் பார்த்தேன். என் பாலைப் பீய்ச்சி எடுத்துவந்து, முகத்தை மூடிக்கொண்டு, கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டேன். விழுங்கினாள். அவர் தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தார். குடித்தால் எழுந்து போக வேண்டிவரும் என்று பயம்.

கீழே சுவர் மசியவில்லை. "இந்த இடத்தில் அப்பா ஜன்னலுக்கு இடம் விட்டிருந்தார், பிறகு ஒற்றைச் செங்கல் வைத்து அடைத்தார், எனக்கு நினைவிருக்கிறது" என்று மேஷோமோஷாய்தான் ஓரிடத்தைத் தட்டிக் காட்டியிருந்தார். ஒற்றைச் செங்கல் இல்லை. மூத்த மிஸ்திரி முழங்கை வரை உள்ளே விட்டும் மறுபக்கம் வரவில்லை. "பௌதி, இது வீட்டுச் சுவரா, கோட்டைச் சுவரா?" என்றார். மேஷோமோஷாய்க்கு முகம் வாடிவிட்டது. மன்னிப்புக் கேட்பதுபோல் இரண்டு முறை அவர்களுக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தார், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில். மூன்று மணி நேரம் கழித்து உளி விருட்டென்று உள்ளே போனது. இருபது அங்குலச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாகப் பனி தெரிந்தது.

செம்புக் குழாயைச் செருகி, வளைத்து, முறுக்கி, வயரை இணைத்து முடிக்கும்போது இருட்டிவிட்டது. மெயினைப் போட்டார்கள். வீடெங்கும் விளக்கு எரிந்தது. மூத்த மிஸ்திரி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். அதில் பனித்துளிப் படம் ஒன்று இருந்தது, சூரியன் படம் ஒன்று இருந்தது. "நூறு மெஷினாவது மாட்டியிருப்பேன் பௌதி. சூரியனை ஒருநாளும் அமுக்கியதில்லை" என்றார். அமுக்கினார்.

சுவரில் பச்சை விளக்கு வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. காற்று இல்லை, சத்தம் இல்லை. ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம். தம்பி மிஸ்திரி வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்கே ஓடுகிறது" என்று கத்தினார். உள்ளே இன்னும் ஒன்றுமில்லை. ஒரு வருஷம் குடோனில் கிடந்த சாமான், கார்க் காசு, மேலே உட்கார்ந்திருக்கிற மனிதர் எல்லாம் என் மனதில் ஓடின. ராத்திரி முழுக்க அவர் அப்படியே உட்கார முடியுமா?

அப்போது பெட்டியின் வாயில் மூடியிருந்த பிளாஸ்டிக் இதழ் மெதுவாகத் திறந்தது. என் நெற்றியில் ஏதோ பட்டது. வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்தால் வரும் ஆவியைப்போல, ஆனால் ஈரமில்லாமல். எங்களூர்ப் பக்கம் பங்குனி மாதத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு வாசலில் வந்து நிற்குமே, அந்தக் காற்று. தான் சூடாகாமல் ஊதக் கூடாது என்றுதான் அது அத்தனை நேரம் காத்திருந்திருக்கிறது.

மூத்த மிஸ்திரி மஃப்ளரை அவிழ்த்தார். தம்பி குல்லாயைக் கழற்றினார். மேஷோமோஷாய் குல்லாயைக் கழற்றி, ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திறந்து, முகத்தை அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நாலு பேரும் ஏதோ சந்நிதிமுன் நிற்கிறவர்கள்போல அந்த வெள்ளைப் பெட்டியின் கீழே நின்றோம்.

நான் மட்டும் வெளியே போனேன். வீட்டின் பின்புறச் சந்தில், சட்டத்தின்மேல் அந்த இன்னொரு பெட்டி சுழன்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் கையை நீட்டினேன். சடக்கென்று இழுத்துக்கொண்டேன். பனியைவிடக் குளிராக இருந்தது அந்தக் காற்று. அடியில் தண்ணீர் சொட்டியது. என் கை விறைக்கும் வரை மறுபடியும் நீட்டிக்கொண்டு நின்றேன். கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிந்த அந்த ஈரப் பனியிலிருந்து, ஏரிக்கரையின் அந்தச் சாம்பல் நிறக் காற்றிலிருந்து, இந்த இயந்திரம் சூட்டைப் பிழிந்து எடுத்துச் சுவருக்குள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் நான் போட்ட அம்புக்குறி இதுதானா? இவ்வளவு நாள் இந்தச் சூடு எல்லாக் காற்றிலும் இருந்திருக்கிறது. எங்கள் சந்திலும், துறைமுகத்திலும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும்.

ஏழு மணிக்கு அறை இருபத்தெட்டைத் தொட்டது. தரையைத் துடைத்து, புதுப் படுக்கை விரித்து, மேலே போய், "இறங்கலாம்" என்றேன். ஏழு மணி நேரத்துக்குப் பிறகு அவர் எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. மேஷோமோஷாய் ஒரு பக்கம் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி இறங்கினார். அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். "எய்யா... நம்ம ஊரு மாதிரில்லா இருக்கு" என்றார்.

தொட்டிலில் போடலாம், தாங்க என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இன்னும் செத்த நேரம் இருக்கட்டுமே. பிள்ள நல்லாத் தூங்குது."

அந்த இன்னும் செத்த நேரம் மாசி முடிகிறவரை நீண்டது. ஆபீசிலிருந்து வந்ததும் கை கால் கழுவி, சட்டையைக் கழற்றி உட்கார்ந்துவிடுவார். அதற்குத் தேவையே இல்லாத வெதுவெதுப்பு அறையில் இருந்தது. மேஷோமோஷாய் மாலையில் செய்தித்தாளோடு வந்து மூலை நாற்காலியில் உட்காருவார். மூட்டு வலிக்கு நல்லது என்பார், ஆனால் பேப்பரைப் பிரிக்காமல் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளியிலிருந்து என்னைப் பார்க்க வந்த ஆசிரியைகள், இதற்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்கள். தொகையைச் சொன்னேன். "அம்மாடி" என்றார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

பங்குனி தொடக்கத்தில் அலிப்பூருக்குக் கொண்டுபோனோம். தராசு மூன்று கிலோ நூறு காட்டியது. டாக்டரம்மா அவளைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனி இவளே தன்னைப் பார்த்துக்கொள்வாள். ஜன்னலைத் திறங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவர் இயந்திரத்தை அணைத்தார். ஏழு வாரமாக மூடிக்கிடந்த ஜன்னலின் கொக்கி இறுகியிருந்தது. இரண்டு முறை தட்டித் திறந்தார். வெளிச்சமும் சந்தின் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன. மீன்காரர் கூவிக்கொண்டு போனார். ஒரு சைக்கிள் ரிக்ஷா மணி அடித்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து லோக்கல் ரயில் நீளமாக ஊதியது. தொட்டிலில் கிடந்தவள் கையையும் காலையும் ஆட்டுவதை நிறுத்தினாள். அவளுடைய கண்கள் அகலமாகத் திறந்தன. அந்தச் சத்தம் வந்த திசையில், மிக மெதுவாக, தானாகவே தலையைத் திருப்பினாள்.